கிளட்ச் பிடிக்கிற அந்த அரை நொடி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டியூனிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் மிதிதான் இல்லை. கிளட்ச் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. மேனுவல் வண்டியில் இடது கால் செய்யும் வேலையை இங்கே ஒரு வால்வோ மோட்டாரோ செய்கிறது. எவ்வளவு, எப்போது என்று அதற்குச் சொல்வது டிசியு என்கிற கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை.

புதிதாக இந்த வேலைக்கு வந்து, லேப்டாப்பில் நூற்றுக்கணக்கான அட்டவணைகளைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி ப்ராஜெக்ட்டாக ஒரு கிளட்ச்சைக் கட்டுப்படுத்த முயல்பவர்களுக்கும் உதவும். ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டியபின் வண்டி ஏன் உதைக்கிறது என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

வேலையைச் செய்யும் வரிசைதான் இதில் முக்கியம். கிளட்ச் எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்பதை முதலில் சரியாகக் கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம். அந்தப் புள்ளி தவறாக இருந்தால், பின்னால் எத்தனை அட்டவணையைத் திருத்தினாலும் வண்டி ஒருநாள் நன்றாக ஓடும், மறுநாள் உதைக்கும்.

எந்தக் கிளட்ச் உங்கள் கையில் இருக்கிறது?

டார்க் கன்வர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்கில், வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது கன்வர்ட்டருக்குள் சுழலும் ஆயில். கிளட்ச்சுகள் உள்ளே ப்ளானட்டரி கியர் செட்டுகளைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றுகின்றன. இவை பல தட்டுகள் அடுக்கிய, ஆயிலில் நனைந்த கிளட்ச்சுகள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இல்லாமல் நேராக இணைக்க, கன்வர்ட்டருக்குள்ளேயே லாக்கப் கிளட்ச் ஒன்றும் உண்டு.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியர் லீவரையும் மோட்டாரோ ஹைட்ராலிக் சிலிண்டரோ இயக்கும். பெரும்பாலும் ஒற்றைத் தட்டு, உலர்ந்த கிளட்ச். டிசிடியில் இரண்டு கிளட்ச்சுகள்: ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படை கியர்களுக்கு. 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 வழியாக இது பெரிய அளவில் தயாரிக்கப்படும் கார்களுக்குள் வந்தது. அதில் இருந்தவை நனைந்த கிளட்ச்சுகள்; உலர்ந்தவை வைத்த டிசிடிகள் பிறகு வந்தன. படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடியில் முன்னே போக ஒரு கிளட்ச், பின்னே போக ஒரு பிரேக்.

நனைந்த கிளட்ச்சை அழுத்தத்தால் கட்டுப்படுத்துகிறோம். உலர்ந்ததைப் பெரும்பாலும் நகர்வால் கட்டுப்படுத்துகிறோம்: ரிலீஸ் பேரிங் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதே அங்கே அளவு. சொற்கள் மாறினாலும் யோசனை ஒன்றுதான். கீழே நனைந்த கிளட்ச்சை வைத்துச் சொல்கிறேன். உலர்ந்தது வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

லேப்டாப்பைத் தொடும் முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கிளட்ச் கடத்தும் டார்க், அதாவது முறுக்குவிசை, நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் குணகம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, தட்டுகளை அழுத்தும் விசை, சராசரி ஆரம்.

எடுத்துக்காட்டாக, பிஸ்டன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கின் விசை 1000 நியூட்டன். உராய்வுத் தட்டு நான்கு, ஆகவே முகங்கள் எட்டு. உராய்வுக் குணகம் 0.13. ஆரம் 7 சென்டிமீட்டர். இதற்கு 5 பார் அழுத்தம் கொடுத்தால் பிஸ்டனில் 5000 நியூட்டன் விழும். ஸ்பிரிங்கின் 1000-ஐக் கழித்தால் தட்டுக்குப் போவது 4000. 0.13, 8, 4000, 0.07 ஆகியவற்றைப் பெருக்கினால் சுமார் 291 நியூட்டன் மீட்டர்.

இப்போது கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பிரிங்கை வெல்லவே 1 பார் வேண்டும். அதுவரை இந்த கிளட்ச் எதையும் கடத்தாது. அதைத் தாண்டியபின் ஒவ்வொரு 0.1 பாருக்கும் சுமார் 7 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. அழுத்தத்தில் 0.3 பார் பிழை வந்தால் 20 நியூட்டன் மீட்டருக்கு மேல் பிசகும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும் வண்டியில் இன்ஜின் தருவதே 50, 60 நியூட்டன் மீட்டராக இருக்கும்போது இந்தப் பிசகு பெரிய உதை. முழு ஆக்ஸிலரேட்டரில் கியர் மாற்றுவது எளிது, மெதுவாகப் போகும்போது மாற்றுவதே கஷ்டம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

உங்கள் கியர்பாக்ஸின் உண்மையான எண்களை வாங்கி இதே கணக்கைச் செய்து, அந்தத் தாளை மேசையில் ஒட்டி வையுங்கள். அட்டவணையில் இருக்கும் மதிப்பு நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் உரைகல்.

சோதனைக்கு முன்

முதலில் பாதுகாப்பு. ஒரே நேரத்தில் இரண்டு கியர்களுக்கான கிளட்ச்சுகள் முழுதாகப் பிடித்துவிட்டால் கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளும். ஓடும் வண்டியில் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். அதனால் எந்தெந்த கிளட்ச்சுகள் சேர்ந்து பிடிக்கக் கூடாது என்ற தடை மென்பொருளில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். ஒரே கட்டளையில் நியூட்ரலுக்குப் போகும் வழி வேண்டும். சமதளம், முன்னே தாராளமான காலி இடம், பிரேக்கில் கால் வைத்திருக்கும் இன்னொரு ஆள் ஆகிய மூன்றும் முதல் நாள் கட்டாயம்.

அடுத்தது பதிவு. இன்ஜின் வேகம், கியர்பாக்ஸ் உள்ளே வரும் ஷாஃப்ட்டின் வேகம், வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேகம், இன்ஜின் டார்க், கேட்ட அழுத்தம், சோலனாய்டு (கரன்ட்டுக்கு ஏற்ப ஆயில் அழுத்தத்தை மாற்றும் வால்வு) கரன்ட், ஆயில் வெப்பம், ஆக்ஸிலரேட்டர், பிரேக் ஆகிய எல்லாவற்றையும் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். வண்டியின் முடுக்கத்தை அளக்க ஒரு சென்சாரை இருக்கையின் தண்டவாளத்தில் பொருத்தினால் இன்னும் நல்லது. உடம்பு உணர்வதும் கிராஃபில் தெரிவதும் ஒத்துப்போகிறதா என்று முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

சோலனாய்டை நம்பும் முன் அளந்து பாருங்கள். கரன்ட்டைப் படிப்படியாக ஏற்றி, பிறகு இறக்கி, இரண்டு வழியிலும் வரும் அழுத்தத்தைக் குறியுங்கள். ஏறும்போது ஒரு கோடும் இறங்கும்போது வேறொரு கோடும் வரும். அந்த இடைவெளி வால்வின் உராய்வால் வருவது. அதைக் குறைக்கத்தான் கரன்ட்டில் மெல்லிய அதிர்வு ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால், எந்த அளவு நுணுக்கத்தை இந்த வால்விடம் எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பிடிக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பது

டார்க் கன்வர்ட்டர் வண்டியில் முன்செல்லும் கிளட்ச்சை வைத்து இதை நன்றாகப் பார்க்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும், ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கட்டும், பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். நியூட்ரலில் இருக்கும்போது கன்வர்ட்டரின் டர்பைன், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சக்கரம், கிட்டத்தட்ட இன்ஜின் வேகத்திலேயே சுழலும். இன்ஜின் 700 ஆர்பிஎம் என்றால் டர்பைனும் அதை ஒட்டியே இருக்கும்.

இப்போது அந்த கிளட்ச்சுக்கு 0.5 பார் கொடுத்து இரண்டு நொடி காத்திருங்கள். ஒன்றும் நடக்காது. 0.05 பார் கூட்டுங்கள், மறுபடி காத்திருங்கள். இப்படியே ஏறிக்கொண்டு போனால் ஓர் இடத்தில் டர்பைன் வேகம் மெல்லச் சரியும்: 690, 680, 660. அதுவரை ஆடாமல் கிடந்த கோடு முதன்முதலாகத் தலை குனியும் அந்த அழுத்தம்தான் பிடிக்கும் புள்ளி. இதைத் திரையில் முதல்முறை பார்க்கும்போது, இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்று கைக்கு எட்டிவிட்டதுபோல் இருக்கும். கணக்கில் வந்த 1 பாருக்குப் பக்கத்தில் இது விழுந்தால் எல்லாம் சரி. 1.6 என்று வந்தால் ஸ்பிரிங்கையோ வால்வு அளவீட்டையோ சந்தேகப்படுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் ஒத்துவராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஏஎம்டியிலும் உலர்ந்த டிசிடியிலும் வழி சற்று வேறு. கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை முழுதாகத் திறந்து, உள்ளே வரும் ஷாஃப்ட் நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு ஆக்சுவேட்டரை மெதுவாக மூடும் பக்கம் நகர்த்துங்கள். ஷாஃப்ட் எந்த நகர்வில் சுழலத் தொடங்குகிறதோ அதுவே புள்ளி. உலர்ந்த கிளட்ச்சில் இது நிலையாக இருக்காது. லைனிங் தேயத் தேய நகரும். ப்ரஷர் ப்ளேட் சூடானாலும் நகரும், ஆறினால் திரும்பி வரும். அதனால் ஒருமுறை கண்டுபிடித்து எழுதிவிட்டால் போதாது. வண்டி தானாகவே அவ்வப்போது கற்றுக்கொள்ள வேண்டும்.

நிரப்புதல்: பெரும்பாலான உதைகள் பிறக்கும் இடம்

நனைந்த கிளட்ச் திறந்திருக்கும்போது தட்டுகளுக்கு இடையே மொத்தமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பிஸ்டன் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். 100 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் ஒன்றரை மில்லிமீட்டர் நகர 15 மில்லிலிட்டர் ஆயில் வேண்டும். அதை 150 மில்லி நொடியில் நிரப்ப, நிமிடத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் ஆயில் பாய வேண்டும். பிடிக்கும் புள்ளி அழுத்தத்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் இது மிக மெதுவாக நடக்கும். அதனால் முதலில் ஒரு குறுகிய, பலமான அழுத்தத் துடிப்பு. பிறகு சட்டென்று பிடிக்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே இறக்கி நிறுத்தம். இதற்குத்தான் நிரப்புதல் என்று பெயர்.

துடிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டால் பிஸ்டன் போய் மோதும், கிளட்ச் எதிர்பாராமல் பிடித்துவிடும். குறைந்துவிட்டால் பிஸ்டன் பாதி வழியில் நிற்கும். அடுத்து ஏற்றும் அழுத்தம் டார்க்காக மாறாமல் மீதி இடைவெளியை நிரப்பவே போகும். பழைய கிளட்ச் விட்டுவிட்டது, புதியது இன்னும் வரவில்லை, இன்ஜின் பிடிமானம் இல்லாமல் சீறும்.

இதைச் சரிசெய்யும் வழி இப்படி. துடிப்பின் உயரத்தை மாற்றாமல், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று ஒருபோதும் தெரியாது. கணக்கில் வந்த நேரத்தில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறையும் 5 மில்லி நொடி கூட்டி, அதே வேகம், அதே ஆக்ஸிலரேட்டர், அதே ஆயில் வெப்பத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு மாற்றத்திலும் இன்ஜின் வேகம் பழைய கியருக்கு உரிய கோட்டைத் தாண்டி மேலே எழும்: 100 ஆர்பிஎம், 60, 30. பிறகு அது மறையும். இன்னும் கூட்டிக்கொண்டே போனால், அழுத்தத்தை ஏற்றத் தொடங்கும் முன்பே வண்டியின் முடுக்கத்தில் ஒரு சிறு பள்ளம் விழும். பழைய கிளட்ச் இன்னும் பிடித்திருக்கும்போதே புதியதும் பிடித்துவிட்டது என்பதன் அடையாளம் அது. இன்ஜின் வேகக் கோட்டில் அப்போது எந்த மாற்றமும் தெரியாது. முடுக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். பள்ளம் தெரிந்த இடத்திலிருந்து 5 அல்லது 10 மில்லி நொடி பின்னால் வாருங்கள். அங்கே நிறுத்துங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் உதைக்கும் ஒரு வண்டியைக் கொடுத்தார்கள். உதை வருவது மாற்றத்தின் நடுவில் என்று நினைத்து, அழுத்தம் ஏறும் சரிவைத் திருத்தினேன், வேகக் கட்டுப்பாட்டின் கெயினை, அதாவது பிழையைக் கண்டால் கம்ப்யூட்டர் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பதை, குறைத்தேன். இரண்டு நாள் முழுக்க அதிலேயே போயிற்று. காலையில் சரியானதுபோல் இருக்கும், மத்தியானம் மறுபடி உதைக்கும். மூன்றாம் நாள் மூத்தவர் ஒருவர் வந்து, கிராஃபில் மாற்றம் தொடங்குவதற்கு முந்தைய 200 மில்லி நொடியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். மற்ற எல்லாக் கோடுகளும் அமைதியாக இருந்த அந்த இடத்தில் முடுக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். நிரப்பும் நேரம் 20 மில்லி நொடி அதிகம், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் நான் பெரிதாக்கிப் பார்ப்பது அந்த 200 மில்லி நொடியைத்தான்.

நிரப்பும் நேரம் ஒரே எண் இல்லை. ஆயில் குளிர்ந்தால் கெட்டியாகும், நேரம் கூடும். அதனால் வெப்பத்துக்கு ஏற்ப ஓர் அட்டவணை வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடங்களில் ஓடும் வண்டிக்கு அந்தப் பகுதியைத் தனியாகச் சோதிக்காமல் ஊகித்து நிரப்பாதீர்கள். பல நாள் நின்ற வண்டியில் வழிகளில் இருந்த ஆயில் வடிந்து காற்று புகுந்திருக்கும். முதல் முறை கியர் போடும்போது தாமதமாகும். புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றும் உண்டு: இப்போதுதான் விட்ட கிளட்ச்சை அரை நொடிக்குள் மறுபடி பிடிக்கச் சொன்னால் பிஸ்டன் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது, உள்ளே ஆயில் மிச்சம் இருக்கும். அதே துடிப்பைக் கொடுத்தால் கட்டாயம் உதைக்கும். விட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கு வைத்து அதற்கேற்ப துடிப்பைக் குறைக்க வேண்டும்.

ஒரு கையிலிருந்து மறு கைக்கு

நிரப்பி முடிந்தது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தபடி மேல் கியருக்குப் போகும்போது இரண்டு கட்டங்கள் வரும். முதலாவதில் டார்க் கைமாறுகிறது: புதிய கிளட்ச்சின் அழுத்தம் ஏற ஏறப் பழையதன் அழுத்தம் இறங்குகிறது. இன்ஜின் வேகம் இன்னும் மாறவில்லை. நிரம்பிய குடத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குவதுபோலத்தான். வாங்குபவர் பிடித்தாரா என்று பார்த்துத்தான் கொடுப்பவர் விட வேண்டும். இருவரும் சேர்ந்து இழுத்தாலும் சிந்தும்.

இரண்டாவது கட்டத்தில் இன்ஜின் வேகம் இறங்குகிறது. இரண்டாம் கியர் விகிதம் 2.0, மூன்றாம் கியர் விகிதம் 1.4 என்றால், 3000 ஆர்பிஎம்மில் மாற்றும்போது இன்ஜின் 2100-க்கு வர வேண்டும். இந்த 900 ஆர்பிஎம்மை 0.4 நொடியில் இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினும் கன்வர்ட்டரும் சேர்ந்த சுழல் நிலைமம் 0.2 கிலோகிராம் சதுர மீட்டர் என்றால், அவற்றின் வேகத்தைக் குறைக்க மட்டும் சுமார் 47 நியூட்டன் மீட்டர் வேண்டும். இதை கிளட்ச் தலையில் ஏற்றினால் அந்த 47-ம் சக்கரத்துக்குப் போய், பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் இருக்கும். அதனால் அந்த 0.4 நொடிக்கு மட்டும் இன்ஜினிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்கிறோம். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தியும், டீசலில் எரிபொருளைக் குறைத்தும் இதைச் செய்வார்கள். கேட்டது சரியான நேரத்தில் வந்ததா என்று பதிவில் பாருங்கள். 50 மில்லி நொடி தாமதமாக வந்தாலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் கீழ் கியருக்கு வரும்போது வரிசை தலைகீழ்: முதலில் பழைய கிளட்ச்சைச் சறுக்கவிட்டு இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் டார்க்கைக் கைமாற்ற வேண்டும்.

இந்தக் கட்டங்களில் கெயினை ஏற்றிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். கட்டளை கொடுத்து அழுத்தம் வந்து சேரவே சில பத்து மில்லி நொடிகள் ஆகும். கெயின் அதிகமானால் கம்ப்யூட்டர் பழைய தவறைத் திருத்திக்கொண்டிருக்கும்போது புதிய தவறு உருவாகும், வேகக் கோடு பாம்புபோல நெளியும். மேலே போட்ட டார்க் கணக்கே பெரும்பகுதி வேலையைச் செய்யட்டும்; திருத்தம் மிச்சத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்புவது

கன்வர்ட்டர் இல்லாத வண்டிகளில் இதுதான் மிகக் கடினமான பகுதி. நின்ற வண்டியை நகர்த்தும்போது கிளட்ச் சறுக்கியே ஆக வேண்டும், சறுக்கினால் சூடாகும். 1200 கிலோ வண்டி முதல் கியரில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் ஒட்டிக்கொள்கிறது என்றால், அதுவரை வண்டி பெறும் இயக்க ஆற்றல் சுமார் 6.7 கிலோஜூல். இன்ஜினை ஒரே வேகத்தில் வைத்துச் சமதளத்தில் கிளப்பினால், ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகப் போகும்.

ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை உருளாமல் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. 10 சதவீத ஏற்றத்தில் அதே வண்டியைப் பிடித்து நிறுத்த, சக்கர ஆரம் 30 சென்டிமீட்டர், மொத்தக் கியர் விகிதம் 15 என்றால், கிளட்ச்சில் சுமார் 23 நியூட்டன் மீட்டர் வேண்டும். இன்ஜின் 1200 ஆர்பிஎம்மில் இருந்தால் கிட்டத்தட்ட 3 கிலோவாட் வெப்பம். பத்தே நொடியில் 30 கிலோஜூல், அதாவது நான்கு முறைக்கு மேல் வண்டியைக் கிளப்பிய வெப்பம். வண்டி ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. உலர்ந்த லைனிங் 250, 300 டிகிரியை நெருங்கும்போது பிடிப்பு குறையும், கருகும் வாடை வரும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் தவறாமல் சொல்வது, ஏற்றத்தில் பிரேக்கில் நில்லுங்கள் என்பதுதான்.

டியூனிங்கில் இதற்கு மூன்று வேலைகள். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டால் இன்ஜின் எந்த வேகத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்: லேசான மிதிக்கு 1300, 1500 ஆர்பிஎம் போதும், அழுத்தி மிதித்தால் கூடலாம். இன்ஜின் தரும் டார்க்கில், இன்ஜினே வேகமெடுக்கத் தேவையானதைக் கழித்தால் வருவதுதான் கிளட்ச்சுக்குக் கேட்க வேண்டிய டார்க். இரண்டாவது, பிரேக்கை விட்டவுடன் வண்டி ஊர்ந்து நகரும் அந்தச் சின்ன டார்க். பிரேக் அழுத்தம் குறையும்போதே அதை மெல்ல ஏற்றுங்கள், பிரேக்கை மிதித்தவுடன் இறக்கிவிடுங்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியின் கிளட்ச் ஆயுள் இந்த ஓர் அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மூன்றாவது, வெப்பக் கணிப்பு. உராயும் தட்டின் மேல் சென்சார் வைப்பது நடைமுறையில் கடினம் என்பதால், சறுக்கும் வேகத்தையும் டார்க்கையும் பெருக்கி வெப்பத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கை காட்டி, ஊர்தலை நிறுத்தி, கடைசியில் கிளட்ச்சைத் திறந்துவிட வேண்டும்.

கடைசி 100 ஆர்பிஎம்

இருபுறமும் ஒரே வேகத்துக்கு வந்து தட்டுகள் ஒட்டிக்கொள்ளும் கணம் தனியாகக் கவனிக்க வேண்டியது. வேக வித்தியாசம் வேகமாகக் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் மோதினால், கிளட்ச் கடத்தும் டார்க் ஒரே கணத்தில் வேறொரு மதிப்புக்குத் தாவும். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டுகள் முறுக்கிய கயிறு போல ஆடும். வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேகக் கோட்டில், ஒட்டியபின் அலை அலையாக வந்து அடங்கும் ஒரு நடுக்கமாக அது தெரியும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சராசரியாக நொடிக்கு 2250 ஆர்பிஎம் வீதம் இறங்கி வருகிறோம். கடைசி 100 ஆர்பிஎம் வரும்போது அந்த வீதத்தை 500 அளவுக்குக் குறையுங்கள். அதற்கு கிளட்ச் டார்க்கை லேசாக இறக்க வேண்டும், அல்லது குறைத்து வைத்திருந்த இன்ஜின் டார்க்கை அந்த நேரத்தில் மெல்லத் திரும்பக் கொடுக்க வேண்டும். மிகவும் நீட்டினாலும் தப்பு. கியர் மாறி முடியவில்லை என்ற மந்தமான உணர்வு வரும், வெப்பமும் கூடும். வித்தியாசம் 20 ஆர்பிஎம்முக்குள் 50 மில்லி நொடி நிலையாக நின்றால் ஒட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அழுத்தத்தைப் படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

லாக்கப் கிளட்ச் இதற்கு விதிவிலக்கு. அதை வேண்டுமென்றே 20 முதல் 50 ஆர்பிஎம் வரை சறுக்கவிட்டு, இன்ஜினின் அதிர்வு உள்ளே வராமல் தடுப்பார்கள்.

அட்டவணையால் தீராதது

சறுக்கும்போது வண்டி தடதடவென்று நடுங்கினால், உராய்வைச் சந்தேகப்படுங்கள். சறுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வு கூடினால் தட்டுகள் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு அதிரும். எண்ணெய் போடாத கதவுக் கீல் கிறீச்சிடுவது இதே காரணத்தால்தான். கியர்பாக்ஸ் ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்கள் இதைத் தடுக்கவே இருக்கின்றன. ஆயில் பழசானால், அல்லது வேறு வகை ஆயிலை ஊற்றிவிட்டால், நடுக்கம் வரும். கெயினை மாற்றியோ சறுக்கும் வேகத்தை மாற்றியோ கொஞ்ச நாள் மறைக்கலாம், அவ்வளவுதான். உற்பத்தியாளர் சொன்ன ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

எல்லாம் நன்றாக வந்தபின், வண்டி தானாகக் கற்கும் பகுதியைத் திறந்துவிடுங்கள். நிரப்பும் நேரத்தையும் பிடிக்கும் புள்ளியையும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். ஒரு முறைக்கு இவ்வளவுதான், மொத்தத்தில் இவ்வளவுதான் என்று எல்லை வையுங்கள். ஆயில் சூடாகாதபோதும், ஆக்ஸிலரேட்டர் நடுவில் மாறியபோதும் வந்த பதிவுகளிலிருந்து கற்கவிடாதீர்கள்; தவறான பாடத்தை அது உண்மை என்று எடுத்துக்கொள்ளும். கற்ற மதிப்பு எல்லையை முட்டிக்கொண்டு நின்றால், உள்ளே எங்கோ சீல் கசிகிறது, தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது வால்வு சிக்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர்கள் கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் ஸ்கேனரில் முதலில் படிக்க வேண்டியது அந்த மதிப்புகளைத்தான். கிளட்ச்சையோ வால்வு பாடியையோ மாற்றியபின், பழைய கற்றலை அழித்துவிட்டு, ஆயிலைச் சூடாக்கி, உற்பத்தியாளர் சொன்ன முறையில் புதிதாகக் கற்கவைத்த பிறகே வண்டியைக் கொடுங்கள்.